சிலம்பும் முதலும்

“ஆணுக்குத் துணிவு உண்டு, ஆகவே அவன் தொழில் தொடங்குகிறான். பெண்ணுக்கு அச்சம் உண்டு; ஆகவே அவள் ஒதுங்கி நிற்கிறாள்.”

இப்படியொரு தீர்ப்பு நாட்டிலே நடமாடிக் கொண்டிருக்கிறது. எழுதிய நீதிபதி யார்? தெரியாது. சாட்சி சொன்னவர் யார்? தெரியாது. கூண்டிலே நிறுத்தப்பட்டவளுக்கு வாய் திறக்க வாய்ப்பளித்தார்களா? அதுவும் தெரியாது. ஆயினும் தீர்ப்பு மட்டும் தேநீர்க் கடையிலே, பட்டிமன்ற மேடையிலே, கடன் கேட்டு வந்தவளின் மனுவைப் புரட்டும் அதிகாரியின் உதட்டோரப் புன்னகையிலே ஓயாமல் படிக்கப்படுகிறது. பாட்டி காலத்துப் பழமொழிகள் போதாவென்று, ‘மனப்பான்மை’ என்ற புதுச் சட்டையையும் அதற்கு மாட்டிவிட்டு, “ஆணின் மனப்பான்மை வேறு, பெண்ணின் மனப்பான்மை வேறு, இயற்கையே அப்படி!” என்று படித்தவர்களும் பேசத் தலைப்பட்டுள்ளனர்.

இயற்கை! எதை மாற்ற மனமில்லையோ அதற்கு இயற்கை என்று பெயரிடுவது பழமையின் பழைய தந்திரம். சாதியையும் இயற்கை என்றனர். வறுமையையும் இயற்கை என்றனர். இப்போது வாணிபத்தையும் அந்தப் பட்டியலிலே சேர்க்கின்றனர். பகுத்தறிவு படைத்த இளைஞர் இதனை அப்படியே விழுங்கலாகாது. ஆராய வேண்டும். இலக்கிய ஏட்டிலே எழுதுகிறோம். ஆகவே இலக்கியத்தையே சாட்சிக் கூண்டுக்கு அழைக்கிறோம். விசாரணை நடக்கும் இடம், தூத்துக்குடி.

தூத்துக்குடியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. துணிவையும் வாணிபத்தையும் உரசிப் பார்க்க அந்தக் கரையைவிடச் சிறந்த உரைகல் தமிழகத்தில் இல்லை. அதன் அண்டையிலேதான் பாண்டியரின் கொற்கை இருந்தது. முதல் நூற்றாண்டுக் கடற்பயண நூலான ‘பெரிப்ளூஸ்’ கொற்கையின் முத்துக்குளிப்பைக் கூறி, தண்டனை பெற்ற குற்றவாளிகளைக் கொண்டு அது நடத்தப்பட்டது என்றும் கூறுகிறது. பாண்டியருக்குப் பிறகு போர்த்துகீசியர் வந்தனர். 1658ஆம் ஆண்டிலே டச்சுக்காரர் தூத்துக்குடியைக் கைப்பற்றினர். அவருக்குப் பின் ஆங்கிலேயர். முத்துக்கு உரியவர் மாறிக்கொண்டே இருந்தனர். மூச்சை அடக்கி மூழ்கியவர் மாறவில்லை. 1955 முதல் 1961 வரை ஆண்டுதோறும் நடந்த குளிப்போடு அந்தக் கடலின் முத்துக்குளிப்பு நின்றுபோயிற்று. ஆனால், தோணியும் உப்பும் மீனும் துறைமுகமும் நின்றுவிடவில்லை.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியிலே இந்தக் கடலைக் கண்ட மார்க்கோ போலோ, முத்திலே யார் யாருக்கு எவ்வளவு பங்கு என்று எழுதி வைத்தார். மன்னனுக்குப் பத்தில் ஒன்று. சுறாமீன் வாயைக் கட்டுவதாக மந்திரம் ஓதியவனுக்கு இருபதில் ஒன்று! மூழ்கியவன் கடலுக்கடியிலே, மந்திரம் ஓதியவன் காற்றோட்டமான இடத்திலே. இருப்பினும் அவனுக்குப் பங்கு உண்டு. மூழ்கியவன் திரும்பி வருவானா என்று கரையிலே குழந்தையோடு காத்திருந்தவளுக்கு? அந்தக் கணக்கிலே அவள் இல்லை. மூச்சைப் பணயம் வைத்தவன் அவன். வாழ்வைப் பணயம் வைத்தவள் அவள். மந்திரத்துக்குப் பங்கு கொடுத்த சமுதாயம், அவளுக்குப் பங்கு கொடுக்கவில்லை. நாம் ஆராயப்போகும் பொருளின் விதை இதிலேதான் இருக்கிறது.

இன்றைய கரைக்கு வருவோம். வைகறையிலே திரேஸ்புரத்துக் கடற்கரைக்குச் செல்லுங்கள், தோழர்களே! வள்ளங்கள் வந்து சேரும், மீன் கொட்டப்படும், ஏலம் தொடங்கும். அங்கே கூடையோடு நிற்கும் பெண்களைப் பாருங்கள். கையிலே இருக்கும் பணத்தில் பாதி வட்டிக்கு வாங்கியதாக இருக்கும். எந்த மீன் எந்தத் தெருவிலே விலை போகும், பனிக்கட்டி எவ்வளவு வேண்டும், கடனுக்கு வாங்கும் வீடு எது, கையிலே காசு தரும் வீடு எது, உச்சிவெயிலுக்குள் விற்காவிட்டால் எவ்வளவு குறைத்துக் கொடுக்கலாம் என்ற அத்தனை கணக்கும் அவள் தலைக்குள்ளே ஓடும். மீன் கெட்டால் இழப்பு அவளுக்கு. வட்டியோ அன்று மாலையே கட்டியாக வேண்டும். முதல், கொள்முதல், விலை, இழப்பு, ஆதாயம் என்று பொருளாதார நூல் வாணிபத்துக்கு எவையெவை வேண்டுமென்கிறதோ அவையெல்லாம் அந்தக் கூடைக்குள் இருக்கின்றன.

“என்ன தொழில் செய்கிறீர்கள், அம்மா?” என்று கேட்டுப் பாருங்கள். “தொழிலுக்கு அவுக போறாக, தம்பி. நான் சும்மா மீனு விக்கேன்” என்ற பாங்கிலேதான் விடை வரும்.

‘சும்மா!’ அந்தச் சொல்லைச் சற்றே எடை போட்டுப் பார்க்க வேண்டுகிறோம். கடற்கரையிலே ‘தொழிலுக்குப் போதல்’ என்றால் ஆண் கடலுக்குச் செல்வது என்று பொருள். கடலிலே வலை வீசுவது தொழில்; கரையிலே விலை பேசுவது ‘சும்மா’. நாள்தோறும் கடன் வாங்கி, நாள்தோறும் முதலிட்டு, நாள்தோறும் இழப்பை எதிர்கொள்பவளிடமிருந்து தொழில் என்ற சொல்லையே மொழி பறித்து வைத்திருக்கிறது. நகரத்துக்குள் வாருங்கள், அங்கேயும் இதே கதைதான். ‘முதலாளி’ என்றால் தொழிலுக்கு உரியவர். ‘முதலாளியம்மா’ என்றால்? தொழிலுக்கு உரியவரின் மனைவி! கடையைத் தானே நடத்துபவளுக்கும் அந்தப் பெயர்தான். கடைப்பக்கமே வராதவளுக்கும் அந்தப் பெயர்தான். பெயரே தராத பிறகு, “பெண்ணுக்குத் தொழில் மனப்பான்மை இல்லை” என்று கணக்கெடுத்து என்ன பயன்? பட்டியலிலே பெயர் எழுதாமல் விட்டுவிட்டு, ‘வரவில்லை’ என்று குறிக்கும் பள்ளி ஆசிரியரின் செயலன்றோ அது!

இந்தப் பறிப்பு என்று தொடங்கிற்று? சங்க இலக்கியத்தை அழைத்துக் கேட்போம்.

கடியலூர் உருத்திரங்கண்ணனார் என்ற ஒரே புலவர் இரண்டு நெடும்பாட்டுகளைப் பாடியிருக்கிறார். ஒன்று பட்டினப்பாலை, மற்றொன்று பெரும்பாணாற்றுப்படை. பட்டினப்பாலையிலே காவிரிப்பூம்பட்டினத்து வணிகரின் நேர்மையைப் பாடுகிறார். கொள்வதை மிகுதியாகக் கொள்ளாமலும், கொடுப்பதைக் குறைத்துக் கொடுக்காமலும் வாணிபம் செய்தவர் அவர் என்கிறார். மேடைதோறும் எடுத்துக்காட்டப்படும் பகுதி அது. பெரும்பாணாற்றுப்படையிலே அதே புலவர் இடையர்குலப் பெண் ஒருத்தியைக் காட்டுகிறார். வைகறையில் தயிர் கடைகிறாள். மோரைத் தலையிலே சுமந்து சென்று விற்கிறாள். அந்த வருவாயிலே குடும்பத்துக்கு உணவளிக்கிறாள். அதற்கப்பால்தான் நாம் வியக்கும் இடம் வருகிறது. நெய்யை விற்கும்போது அவள் பொன்னை வாங்க மறுக்கிறாள். பொன்னுக்குப் பதிலாக எருமையையும் பசுவையும் பெற்று மந்தையைப் பெருக்குகிறாள்!

பொன் பெட்டிக்குள் உறங்கும். பசு கன்று ஈனும். ஆதாயத்தை அணிகலனாக்காமல் மீண்டும் முதலாக்குவதற்குப் பெயர் என்ன? அதுதான் தொழில் முனைவு. நகைக்கு மயங்குவது பெண்ணின் இயல்பு என்று பேசுவோர், இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய அந்தப் பெண்ணின் முன்னே தலைகுனிய வேண்டும். ஆனால் நம் உரைகாரர்களும் பாடநூல் தொகுத்தவர்களும் என்ன செய்தனர்? பட்டினப்பாலை வணிகருக்கு ‘வணிக அறம்’ என்று தலைப்பிட்டனர். ஆய்மகளுக்கு ‘இடையர் வாழ்க்கை’ என்று தலைப்பிட்டனர். அவன் செய்தது வாணிபமாயிற்று. அவள் செய்தது வழக்கமாயிற்று. புலவர் குறை வைக்கவில்லை. படித்தவர் குறை வைத்தனர்.

புலவரும் குறை வைத்த இடம் உண்டு, மறைக்க மாட்டோம். அகநானூற்றிலே அம்மூவனார் பாடிய 140ஆம் பாட்டு, நெய்தல் நிலத்துக்கு உரியது. நம் கடற்கரையின் மணம் கமழ்வது. உமணர் மகள் ஒருத்தி நெல்லுக்கு உப்பு மாற்றச் சேரியிலே கூவி வருகிறாள். தலைவன் காண்கிறான்; அவள் கண்ணிலே சிக்குண்டு வருந்துகிறான். பாட்டின் இனிமையை நாம் மறுக்கவில்லை. ஆனால், கேட்கிறோம்: அவள் கொண்டுவந்த உப்பு விற்றதா? எத்தனை நாழி நெல் கிடைத்தது? பாட்டுக்கு அந்தக் கவலை இல்லை. சந்தைக்கு வந்தவளைப் பாட்டு, பார்வைக்கு வந்தவளாக மாற்றிவிட்டது. இன்றும் கடை வைத்திருக்கும் பெண்ணைப் பற்றி ஊர் முதலிலே பேசுவது அவள் கணக்கையா, கட்டிய சேலையையா? தூத்துக்குடி உப்பளத்திலே கொதிக்கும் வெயிலில், உவர்நீரில் கால் வெடிக்க உப்பு வாரும் பெண்கள் பல்லாயிரவர். வாருவது அவள், விலை பேசுவது வேறொருவர். உமணர் மகளுக்கேனும் விலை கூறும் குரல் இருந்தது. உப்பளத்துக் கூலிப் பெண்ணுக்கு அதுவும் இல்லை.

அடுத்து அழைப்பது சிலப்பதிகாரத்தை. தமிழரின் பெருங்காப்பியம் என்று நாம் போற்றும் நூல் அது. போற்றுவதால்தான் வினவுகிறோம், வினவாத போற்றுதல் பூசனையாகிவிடும்.

கண்ணகி யார்? மாநாய்கன் மகள், கடல் வாணிபக் குடியிலே பிறந்தவள். கோவலன் யார்? மாசாத்துவான் மகன், பெருவணிகனின் பிள்ளை. இருவரும் வணிகக் குடியினர். பொருளைத் தொலைத்தவன் கோவலன். தொலைந்த பொருளை மீட்க முதலாக எஞ்சியிருந்தது கண்ணகியின் காற்சிலம்பு. அந்தச் சிலம்பை முதலாக்கி இழந்ததை ஈட்டலாம் என்று இருவரும் மதுரைக்கு நடக்கின்றனர். முதல் அவளுடையது, முயற்சி அவனுடையது. விற்கச் சென்றவன் அவன். அடைக்கலமாக வீட்டிலே இருத்தப்பட்டவள் அவள். விற்கச் சென்றவனோ தன் கையிலிருந்த சிலம்பை நேர்மையற்ற பொற்கொல்லனிடம் நீட்டினான், உயிரையும் இழந்தான்.

பிறகு நடந்ததைப் பாருங்கள். அரசவையிலே வழக்கை வென்றது எது? கண்ணகியின் கண்ணீரா? இல்லை! தன் சிலம்பின் உள்ளே இருந்த பரல் மாணிக்கம் என்று அவள் கூறினாள். அரசியின் சிலம்பிலே இருந்தது முத்து என்று பாண்டியன் கூறினான். கொற்கைத் துறையை உடைய மன்னன் வீட்டுச் சிலம்பிலே முத்து இருப்பதிலே வியப்பில்லை. சிலம்பு உடைந்தது; மாணிக்கம் தெறித்தது; வழக்கு முடிந்தது. தன் பொருளின் உள்ளடக்கத்தை அந்த அவையிலே எவரினும் தெளிவாக அறிந்திருந்தவள் அவளே. பொருளை அறிந்தவளுக்குச் சந்தையிலே இடமில்லை. எல்லாம் இழந்த பிறகு சாட்சி சொல்ல மட்டும் இடம் கிடைத்தது. காப்பியத்தைத் திருத்தி எழுத நாம் வரவில்லை. அவளே விற்கச் சென்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கற்பனை செய்யவும் வரவில்லை. ஒன்றைத்தான் சுட்டுகிறோம்: அந்தக் கதை மதுரையோடு முடியவில்லை. மனைவியின் நகை கணவனின் முதலாகும் கதை இன்றும் ஒவ்வோர் அடகுக் கடையிலும் நடக்கிறது. வென்றால் அவன் தொழிலதிபன். தோற்றால் அவள் கழுத்து வெறுமை. முதல் போட்டவளின் பெயர் எந்தப் பலகையிலே எழுதப்பட்டது?

சங்கமும் சிலம்பும் பழங்கதை என்பார்க்கு, தூத்துக்குடியின் நேற்றைய வரலாற்றைக் காட்டுவோம். 1906ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள் வ. உ. சிதம்பரனாரின் சுதேசிக் கப்பல் நிறுவனம் பதிவாயிற்று. மூலதனம் 10 இலட்சம் ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். ஆங்கிலேயரின் பெருங்கப்பல் நிறுவனத்தை எதிர்த்து ஒரு வழக்கறிஞர் கப்பல் விட்டார் என்றால், அந்தத் துணிவுக்கு ஈடு எது? 1908 மார்ச்சிலே அவர் சிறைப்பட்டார், செக்கிழுத்தார். 1911ஆம் ஆண்டிலே நிறுவனம் கலைக்கப்பட்டது. அந்தப் பெருந்தகையை நாம் வணங்குகிறோம். 1961ஆம் ஆண்டு திரைப்படம் அவரைப் பட்டிதொட்டியெல்லாம் கொண்டு சேர்த்தது. 2011ஆம் ஆண்டு முதல் துறைமுகமே அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. தகும், முற்றிலும் தகும்.

ஆனால், அன்பர்களே, இதிலே ஒரு பாடம் இருக்கிறது. வணிகக் கணக்கிலே பார்த்தால் அந்த நிறுவனம் தோற்றது. அதனால் எவரேனும், “ஆண்களுக்குக் கப்பல் தொழில் ஒத்துவராது” என்று சொன்னாரா? சொல்லவில்லை. தோல்விக்குக் காரணம் ஆதிக்கத்தின் சூழ்ச்சி என்று சரியாகவே கண்டனர். தோற்றவரின் பாலிலே குறை காணவில்லை. அதே நீதியைப் பெண்ணுக்கும் வழங்க வேண்டுமென்கிறோம். ஒருத்தி கடை தொடங்கி ஓராண்டிலே மூடினால், “அப்போதே சொன்னோமே!” என்கிறது ஊர். கடன் மறுத்த வங்கியைப் பற்றிப் பேச்சில்லை. சரக்குத் தர மறுத்த மொத்த வணிகரைப் பற்றிப் பேச்சில்லை. “இரவிலே வசூலுக்குப் போகாதே” என்று தடுத்த வீட்டைப் பற்றிப் பேச்சில்லை. ஆண் தோற்றால் ஒருவன் தோற்றான்; பெண் தோற்றால் பெண்ணினமே தோற்றதாகக் கணக்கு! இப்படிப்பட்ட தராசைக் கையிலே வைத்துக்கொண்டு யாருடைய துணிவை எடை போடுவது?

தோல்வியை அவள் தலையிலே ஏற்றும் இந்த வழக்கத்துக்கு மூடநம்பிக்கையும் முட்டுக் கொடுத்து நிற்கிறது. தகழி சிவசங்கரனாரின் ‘செம்மீன்’ 1956ஆம் ஆண்டிலே வெளிவந்த மலையாள நாவல். சுந்தர ராமசாமியின் மொழிபெயர்ப்பாகத் தமிழருக்கும் அறிமுகமானது. கடலுக்குப் போன கணவனின் உயிர், கரையிலிருக்கும் மனைவியின் கற்பிலே இருக்கிறது என்ற நம்பிக்கைதான் அந்த நாவலின் அச்சு. எழுத்தாளர் அந்த நம்பிக்கையைச் சாய்க்கவில்லை. முடிவிலே அதற்கே வெற்றி தேடித் தந்தார். பகுத்தறிவாளர் அந்த நாவலிலே காண வேண்டிய குறை இதுதான். மீன் மிகுந்தால் அவன் திறமை. புயல் அடித்தால் அவள் குற்றம்! வானிலை அறிவிப்பும் உயிர்காப்புச் சட்டையும் செய்ய வேண்டிய வேலையை ஒரு பெண்ணின் நடத்தை மீது சுமத்தினார்கள். ஆதாயம் அவன் பெயரில், இழப்பு அவள் தலையில் என்ற கணக்குமுறைக்கு இதைவிட அப்பட்டமான சான்று வேண்டுமா?

நம் கரையின் நாவல்களுக்கும் வருவோம். வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’ 1977ஆம் ஆண்டிலே வெளிவந்தது. மணப்பாட்டுக் கடற்கரையின் கதை. வள்ளத்தை விற்க மனமில்லாத தந்தை குரூஸ் மிக்கேல். விற்கச் சொல்லும் மகன் செபஸ்தி. இடையிலே மகள் பிலோமி. வெறுப்பை அறியாத பிலோமியைப் படித்தவர் மறக்க முடியாது. எனினும், வள்ளத்தை விற்பதா காப்பதா என்ற வழக்கு தந்தைக்கும் மகனுக்கும் இடையே நடக்கிறது. பிலோமிக்குக் கிடைத்தது அன்பு செலுத்தும் பெருமை. வள்ளத்தின் மீது வாக்கு அல்ல. எழுத்தாளர் பொய் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னார். உள்ளதை அவ்வளவு உண்மையாகச் சொன்னதனால்தான் நமக்கு வலிக்கிறது.

ஜோ டி குருஸ் எழுதிய ‘கொற்கை’ 2009ஆம் ஆண்டிலே வெளிவந்து 2013ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி பரிசைப் பெற்றது. 1914 முதல் 2000 வரை தூத்துக்குடியின் கடல் வாணிபத்தை ஆயிரம் பக்கத்துக்கு மேல் விரித்துரைக்கும் பெருநூல். தோணி எப்படிப் பிறந்தது, யார் கையிலிருந்து யார் கைக்குத் தொழில் மாறிற்று, ஒரு சமூகம் தன் கடலையே எப்படிப் பிறரிடம் இழந்தது என்பதையெல்லாம் இவ்வளவு நுணுக்கமாகச் சொன்ன தமிழ் நாவல் வேறில்லை. பாராட்டுகிறோம். ஆயினும் நம் வழக்கிலே அதுவும் ஒரு சாட்சிதான். எழுச்சியும் வீழ்ச்சியும், சூதும் சூழ்ச்சியும், முதலும் இழப்பும் பெரிதும் ஆண்களின் கையிலே உருளுகின்றன. பெண்கள் அந்த உருளலின் விளைவைச் சுமக்கின்றனர். கூடை சுமந்த பெண்ணை மையமாக்கி, அவளுடைய கடனையும் கணக்கையும் தந்திரத்தையும் கதைப்பொருளாக்கிய பெருநாவல் இந்தக் கரையிலிருந்து இன்னும் வரவேண்டியிருக்கிறது. எழுதப்போகிறவள் இதைப் படித்துக் கொண்டிருக்கக்கூடும்; அவளுக்காகவே இந்த வரியை எழுதுகிறோம்.

“இலக்கியம் இருக்கட்டும், அறிவியல் என்ன சொல்கிறது?” என்று கேட்கும் நண்பரும் இருப்பார். தொழில் முனைவு பற்றிப் பல நாடுகளில் எடுக்கப்படும் கணிப்புகளிலே, ‘தோற்றுவிடுவோமோ என்று அஞ்சுகிறேன்’ என்று சொல்லும் பெண்கள் ஆண்களைவிடச் சற்று மிகுதியாகவே இருக்கின்றனர். உண்மையை ஒளிக்க வேண்டிய தேவை நமக்கில்லை. ஆனால், அந்த அச்சம் குருதியிலே பிறந்ததா, கூடத்திலே பிறந்ததா?

இதற்கு விடை தேடி யூரி நீசி, கென்னத் லெனார்ட், ஜான் லிஸ்ட் ஆகிய மூவர் ஒரு சோதனை நடத்தி 2009ஆம் ஆண்டிலே முடிவை வெளியிட்டனர். ஆண் ஆட்சி ஓங்கிய தான்சானியாவின் மசாய் மக்களிடையே ஒன்று. சொத்து தாய்வழி செல்லும் மேகாலயத்துக் காசி மக்களிடையே மற்றொன்று. பந்தை வாளிக்குள் எறிய வேண்டும். விழுந்த ஒவ்வொரு பந்துக்கும் உறுதியான கூலி பெறலாம். அல்லது எதிராளியை வென்றால் மும்மடங்கு, தோற்றால் ஒன்றுமில்லை என்ற போட்டியை ஏற்கலாம். மசாயிலே போட்டியை ஏற்ற ஆண்கள் 50 விழுக்காடு. பெண்கள் 26 விழுக்காடு. காசியிலோ பெண்கள் 54, ஆண்கள் 39! சொத்தும் பெயரும் பெண்வழி சென்ற இடத்திலே துணிவும் பெண் பக்கம் சாய்ந்தது. இரண்டு ஊர்ச் சோதனை உலகத்துக்கெல்லாம் முடிந்த முடிவாகிவிடாது. ஆனால் ‘இயற்கை’ என்ற வாதத்தின் அடித்தளத்தைத் தகர்க்க அதுவே போதும். இயற்கை எல்லைக்கு எல்லை மாறாது, மாறுவது ஏற்பாடு.

கடலுக்குள் இறங்கும் துணிவேனும் ஆணுக்கே உரியதா? மன்னார் வளைகுடாவைச் சற்று வடக்கே நோக்குங்கள். பாம்பன், சின்னப்பாலம் பகுதிகளிலே பெண்கள் கடலில் மூழ்கிக் கடற்பாசி எடுக்கின்றனர். 1986ஆம் ஆண்டிலே அந்தத் தீவுகள் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட பிறகு, அவர்கள் பாசி எடுத்த இடங்களே தடை செய்யப்பட்ட இடங்களாயின. அந்தப் பெண்கள் ஒன்று கூடினர், கடல் அழியாத முறையில் பாசி எடுக்கத் தமக்குத் தாமே கட்டுப்பாடு விதித்துக் கொண்டனர், அதிகாரிகளோடு பேசினர். அவர்களின் தலைவி லட்சுமி மூர்த்திக்கு 2015ஆம் ஆண்டிலே பன்னாட்டு அமைப்பான சீகாலஜியின் பரிசு கிடைத்தது. கொரியாவின் ஜேஜூ தீவிலோ மூழ்குவதே பெண்களின் தொழில். தாங்கள் எடுத்த கடற்பொருளுக்கு நேர்மையான விலை தராத சங்கத்தை எதிர்த்து, ஜப்பானிய ஆட்சியின் கீழேயே 1932ஆம் ஆண்டில் கிளர்ந்தெழுந்தவர்கள் அவர்கள். 2016ஆம் ஆண்டிலே யுனெஸ்கோ அவர்களுடைய மரபை மனிதகுலத்தின் பண்பாட்டுச் செல்வமாகப் பதிவு செய்தது. அதே உப்புநீர், அதே மூச்சு, பெண்ணின் அதே நுரையீரல்! தூத்துக்குடியிலே முத்துக்கு மூழ்கியவன் ஆண்; ஜேஜூவிலே சிப்பிக்கு மூழ்குபவள் பெண். கடல் பால் பார்க்கவில்லை, கரைதான் பார்த்தது.

அப்படியானால் கரையிலே மாற்ற வேண்டியது எது? முதலைச் சுற்றியே எல்லாம் சுழல்கிறது. 2013-14இல் எடுக்கப்பட்ட ஆறாவது பொருளாதாரக் கணக்கெடுப்பு, இந்தியாவின் தொழிலகங்களில் ஏறத்தாழ 14 விழுக்காடு பெண்களுக்கு உரியவை என்றது. அத்தகைய தொழிலகங்கள் மிகுதியாக இருந்த மாநிலம் தமிழ்நாடு. பெருமைப்படலாம். ஆனால், அடுத்த வரியையும் படிக்க வேண்டும்: பெண்களின் தொழிலகங்களில் ஐந்தில் நான்குக்கு மேல் கூலியாள் எவரையும் வைத்துக்கொள்ள இயலாத சிறு தொழில்கள், ஐந்தில் நான்கைப்போல் சொந்தக் கைப்பணத்திலேயே நடப்பவை. வங்கியின் வாசல் அவளுக்குத் திறந்த அழகு இது! கைப்பணத்தைப் போட்டவள் கவனமாக நடக்கிறாள். அதற்குப் பெயர் கோழைத்தனமா? தோற்றால் பிள்ளைகளின் சோறு போகும் என்று அறிந்தவள் பார்த்து அடி வைப்பது அறிவு. பிறர் பணத்திலே சூதாடுபவனைத் துணிந்தவன் என்றும், தன் பணத்தைக் காப்பவளை அஞ்சியவள் என்றும் அழைக்கும் அகராதியை முதலிலே கொளுத்த வேண்டும்.

1929ஆம் ஆண்டு பிப்ரவரியிலே செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெண்களுக்கு ஆண்களைப் போலவே சொத்துரிமையும் வாரிசுரிமையும் வேண்டும், எந்தத் தொழிலையும் செய்யும் உரிமை வேண்டும் என்று தீர்மானித்தது. சொத்தையும் தொழிலையும் அருகருகே வைத்த அந்தத் தெளிவை எண்ணி வியக்கிறோம். முதல் இல்லாதவளுக்குத் தொழில் எங்கிருந்து வரும்? அறுபது ஆண்டு கழித்து, 1989ஆம் ஆண்டிலே தமிழ்நாட்டுச் சட்டம் இந்துக் குடும்பத்தின் மூதாதையர் சொத்திலே மகளுக்கும் சம பங்கு தந்தது. 2005ஆம் ஆண்டிலே நாடு முழுமைக்கும் அது சட்டமாயிற்று. ஆனால், சட்டம் தந்ததை, “அண்ணன் மனம் நோகும், விட்டுக்கொடுத்துவிடு” என்று குடும்பம் திரும்ப வாங்கிக்கொள்கிறது. பத்திரத்திலே விட்டுக்கொடுத்து ஒப்பமிடும் தங்கை, நகையை விட்டுக்கொடுக்கும் மனைவி, வட்டிக்கு வாங்கிக் கூடை நிரப்பும் தாய் ஆகிய மூவரின் முதலிலேதான் ஆணின் துணிவு எழும்பி நிற்கிறது. 

பொதுவழியும் அவளுக்குத் திறந்திருக்கவில்லை. 2021 டிசம்பரிலே குமரி மாவட்டத்துக் குளச்சலில், மீன் விற்றுத் திரும்பிய முதிய பெண்ணொருத்தியை, நாற்றம் என்று கூறி அரசுப் பேருந்திலிருந்து இறக்கிவிட்டனர். அவள் பேருந்து நிலையத்திலே நியாயம் கேட்டு முழங்கிய காட்சியை நாடே கண்டது, முதலமைச்சர் கண்டித்தார், பேருந்து ஊழியர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டனர். சரியே. ஆனால், எண்ணிப் பாருங்கள்: அந்த மீனைத் தட்டிலே வைத்தால் நாம் மணம் என்கிறோம், விற்றுத் திரும்பும் தாயின் மீது வீசினால் நாற்றம் என்கிறோம். அன்று அந்தத் தாய் அஞ்சவில்லை. பெண்ணின் துணிவுக்குச் சான்று கேட்போர் அந்தப் பேருந்து நிலையத்தை நினைத்துக்கொள்ளட்டும்.

தீர்ப்புக் கூற வேண்டிய வேளை வந்துவிட்டது. ஆணுக்கும் பெண்ணுக்கும் தொழிலிலே மனப்பான்மை வேறுபாடு தென்படுகிறது, மறுக்கவில்லை. அந்த வேறுபாடு, முதல் யார் பெயரில், இழப்பு யார் தலையில் என்ற ஏற்பாட்டின் நிழல். பொருளை அப்படியே வைத்துக்கொண்டு நிழலைத் திருத்த முனைவது வீண் வேலை. “பெண்ணே, துணிந்து வா!” என்று மேடையிலே அறைகூவல் விடுப்பது எளிது. துணிந்து வந்தவளுக்கு ஏலக்கூடத்திலே நிழலும் நீரும் கழிப்பறையும் உண்டா? ஆண் துணையின் ஒப்பம் கேட்காத கடன் உண்டா? படகின் பதிவேட்டிலே, மானியத்துக்காக மட்டும் எழுதப்படாத பெயர் உண்டா? 

இளைஞர்களே! பிறருக்கு உரைப்பதற்கு முன் நம் வீட்டுக் கணக்கேட்டைத் திறப்போம். அப்பாவின் கடையிலே அம்மாவின் நகை எவ்வளவு புதைந்திருக்கிறது என்று கேட்போம். அக்காவின் பங்கு எங்கே போயிற்று என்று கேட்போம். கேட்கும்போது வீட்டிலே முகங்கள் சுளிக்கும், சுளிக்கட்டும். அந்தக் கேள்வியைக் கேட்கத் துணியாத ஆண், பெண்ணுக்குத் துணிவில்லை என்று பேசத் தகுதியற்றவன்.

நாளை வைகறையிலும் திரேஸ்புரத்திலே ஏலம் நடக்கும். கூடையோடு அவள் நிற்பாள். “என்ன தொழில், அம்மா?” என்று நம் தங்கை அவளிடம் கேட்கும் ஒரு நாள் வரவேண்டும், அன்று அவள் விடையிலே ‘சும்மா’ என்ற சொல் இருக்கக்கூடாது. அந்தச் சொல்லை அகற்றும் வரை நம் பணி முடிந்ததாகாது.